நிமிர்ந்து நில் என்பது வைத்தியமல்ல



தசை, மூட்டு, உடல் வாகு, திருத்தப் பயிற்சி என்று இன்றைய உரைக்கான அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். இந்த நான்கையும் சேர்த்து ஒரு வைத்தியம் நம் வீடுகளில் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. "கூன் போடாதே, நிமிர்ந்து உட்காரு." இதைச் சொல்லாத அம்மா ஜொகூரில் உண்டா? பிள்ளை மூன்று நிமிடம் நிமிர்கிறான். பிறகு பழையபடி தொய்கிறான். அம்மாவும் விடுவதில்லை, இரவுச் சந்தையில் விற்கிற தோளை இழுத்துக் கட்டும் வாரை வாங்கி மாட்டிவிடுகிறார். காந்தம் பதித்த இடுப்புப் பட்டையும் அதே கடையில் கிடைக்கும். கோடாரித் தைலம் வீட்டில் எப்போதும் உண்டு.

அந்த அம்மா மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் வாகு கோணலாக இருப்பதால் வலி வருகிறது, வாகை நேராக்கினால் வலி போய்விடும் என்ற கணக்கு இருக்கிறதே, அது பாதிக்கு மேல் தப்பு. வேலை நம் உடம்பிடம் ஒரு அளவு கேட்கிறது. உடம்பால் கொடுக்க முடிந்தது ஒரு அளவு. முதல் அளவு இரண்டாவதை மிஞ்சி, அது நாள் கணக்கில் நீடித்தால் தசையும் மூட்டும் முறையிடத் தொடங்கும். திருத்தப் பயிற்சி என்பது உடம்பால் கொடுக்க முடிந்த அளவைப் படிப்படியாக உயர்த்துவது. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் விளக்கம்.

ஜொகூரில் இதை விளக்குவது சுலபம். இங்கே அமர்ந்திருப்பவர்களில் பாதிப் பேருடைய தாத்தா பாட்டி குளுவாங்கிலோ, ரெங்கத்திலோ, லாபிஸிலோ, கூலாயிலோ ஏதோ ஒரு தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்கள். அவர்களுடைய முதுகே எனக்குப் பாடப்புத்தகம்.

பால்மரம் சீவுவதை எடுத்துக்கொள்ளுங்கள். விடிவதற்குள் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு முடிந்து ஆட்கள் மரத்தடிக்குப் போயாக வேண்டும். குளிர்ந்த நேரத்தில் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், அப்போதுதான் பால் நன்றாக இறங்கும். ஒரு ஆளுக்கு 400, 500 மரம். வெட்டுக் கோடு ஏறக்குறைய மார்பு உயரத்தில் தொடங்கும். பட்டை சீவச் சீவ அந்தக் கோடு மாதக் கணக்கில், வருடக் கணக்கில் கீழே இறங்கிக்கொண்டே வரும். புதிதாகத் திறந்த பட்டையில் நின்றபடி சீவிய பாட்டி, சில வருடம் கழித்து அதே மரத்தில் வேரடி வரை குனிந்து சீவினார். மரம் முதிர்ந்த பிறகு உயரத்துப் பட்டையைத் திறப்பார்கள். அப்போது கழுத்தை அண்ணாந்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி வெட்ட வேண்டும். ஒரே தொழில், ஒரே ஆள், ஆனால் மரத்தின் வயதுக்கேற்ப முதுகின் கோணம் மாறிக்கொண்டே இருந்தது. பிறகு வாளிகளைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் வைத்து ஸ்டோருக்கு நடை.

இப்படி வேலை செய்த பாட்டிக்கு எது சரியான வாகு என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? நிமிர்ந்து நின்றால் மங்குக் கிண்ணத்தில் பால் விழாது.

அடுத்தது செம்பனை. இதில் ஜொகூர்க்காரர்களுக்கு மட்டுமே சொந்தமான ஒரு கதை உண்டு. 1981 பிப்ரவரியில் குளுவாங் பக்கத்து மாமோர் தோட்டத்தில், கேமரூன் நாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு கூன்வண்டை அவிழ்த்துவிட்டார்கள். யூனிலீவர் தோட்டங்களின் லெஸ்லி டேவிட்சன் முன்னின்று ஏற்பாடு செய்தார், பூச்சியியலாளர் சையத் ஆராய்ந்து தேர்ந்தெடுத்தார். அதுவரை செம்பனைப் பூவுக்கு மகரந்தம் சேர்க்க ஆட்கள் மரம் மரமாகப் போய்க் கையால் தூவ வேண்டியிருந்தது. வண்டு வந்ததும் அந்த வேலை போயிற்று. பூ நன்றாகச் சூல் பிடித்தது, குலை பருத்தது, எடை ஏறியது. கம்பெனிக்கு அது பெரிய லாபம், நாட்டுக்கும்தான். ஆனால் அன்று முதல் மரத்திலிருந்து விழுகிற ஒவ்வொரு குலையையும் குத்தித் தூக்கித் தள்ளுவண்டியில் ஏற்றுகிற மனிதனின் இடுப்புக்கு என்ன ஆயிற்று என்பது விவசாயப் புத்தகங்களில் எழுதப்படுவதில்லை. குலைகளின் எண்ணிக்கை சற்றுக் குறைந்தது, ஒவ்வொன்றின் கனமும் கூடியது. முதுகைப் பொறுத்தவரை இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடாது.

ஏன் ஆகாது என்பதற்குச் சின்னக் கணக்குப் போதும். குலை 20 கிலோ என்று வைப்போம். அதைக் கை நீட்டி, இடுப்பு முள்ளெலும்பின் நடுவிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளித் தூக்குகிறார். முதுகை இழுத்துப் பிடிக்கிற தசைகள் அதே நடுவுக்குப் பின்னால் சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் ஓடுகின்றன. முன்னால் உள்ள தூரம் பின்னால் உள்ளதைப் போல எட்டு மடங்கு. எனவே 20 கிலோவைச் சமன் செய்யத் தசை 160 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். குனிந்திருக்கும் மேலுடம்பின் கனத்துக்கு இதற்கு மேலும் இழுக்க வேண்டும். அதே குலையை வயிற்றோடு அணைத்து 20 சென்டிமீட்டரில் பிடித்தால் 80 கிலோவாக இறங்கிவிடும். ஆக, முதுகு வளைந்ததா நிமிர்ந்ததா என்பதை விட, கனம் உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இதை உயிருள்ள மனிதரிடமே அளந்து பார்த்தவர்கள் உண்டு. 1999இல் ஜெர்மனியில் வில்க்கெ என்பவரும் சகாக்களும் ஒருவருடைய இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க்குக்குள் நுண்ணிய அழுத்தமானியைச் செருகி, அவரை நிற்கவும் உட்காரவும் படுக்கவும் தூக்கவும் வைத்து அளந்தார்கள். ஒரே ஒரு ஆள்தான் என்பதை மறக்க வேண்டாம். இருந்தாலும் எண்கள் சுவையானவை. சாதாரணமாக நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல். நாற்காலியில் வேண்டுமென்றே முதுகை விறைத்து நிமிர்ந்து உட்கார்ந்தபோது 0.55. நாற்காலிச் சாய்வில் தொய்ந்து சரிந்து கிடந்தபோது 0.27. அம்மாமார்கள் மன்னிக்க வேண்டும், எண் அப்படித்தான் சொல்கிறது. 20 கிலோவை முதுகு வளைத்துத் தூக்கியபோது 2.3, முழங்கால் மடக்கித் தூக்கியபோது 1.7, அதே 20 கிலோவை உடம்போடு அணைத்து நின்றபோது 1.1.

சரிந்து உட்காருவது நல்லது என்று இதை வைத்துச் சொல்லவில்லை. எந்த வாகும் தன்னளவில் பாவம் கிடையாது. ஒரே வாகில் மணிக்கணக்கில் கிடப்பதுதான் பிரச்சினை, அது அழகான வாகாக இருந்தாலும் சரி. இதற்குக் காரணம் மூட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. முழங்காலிலும் இடுப்பிலும் எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. டிஸ்க்கின் உட்பகுதிக்கும் அப்படித்தான். மூட்டுத் திரவத்திலிருந்துதான் குருத்தெலும்புக்குச் சாப்பாடு. அழுத்தம் ஏறும்போது பஞ்சு போலத் திரவம் பிழியப்பட்டு வெளியேறும், அழுத்தம் இறங்கும்போது உள்ளே வரும். ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி நடந்தால்தான் அது உயிரோடு இருக்கும். "முட்டி தேஞ்சு போச்சு, இனி நடக்காதீங்க" என்று யாராவது சொன்னால், சாப்பாட்டை நிறுத்தச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தசையின் சட்டம் வேறு. தேவைப்பட்டால் வளரும், தேவைப்படாவிட்டால் சிக்கனம் பார்த்துக் குறைந்துவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் இன்னும் சோம்பேறி. தசைக்குச் சில வாரங்களில் பலம் ஏறும், தசைநாண் பழக மாதங்கள் ஆகும். வேகமாகப் பலம் ஏறிய ஆளுக்கு மூன்றாவது மாதம் குதிகாலிலோ முழங்கையிலோ வலி வருவதற்கு இந்த இடைவெளிதான் காரணம். ஜிம்மில் சேர்ந்த இளைஞர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வருவோம். இன்று செம்பனைக் குலை வெட்டுவோரில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். நம் பிள்ளைகள் ஸ்கூடாயிலும் மாசாயிலும் தாமான் வீடுகளில் இருக்கிறார்கள். பாசிர் கூடாங்கிலும் செனாயிலும் தொழிற்சாலை. இல்லையென்றால் 1924இல் திறந்த அந்த ஒரு கிலோமீட்டர்ப் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, ஹெல்மெட் மாட்டி, கப்சாய் மோட்டார் சைக்கிளில் ஏறி, பாலத்தில் ஊர்ந்து, உட்லண்ட்ஸில் குடிநுழைவுச் சோதனையைத் தாண்டி, எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ வேலை செய்து, அதே வழியில் திரும்பி வருகிறார்கள்.

இந்தத் தம்பிகளுக்குக் கழுத்து ஏன் வலிக்கிறது? "வண்டியில் தப்பாக உட்காருகிறான்" என்பது சுலபமான பதில். தலை சுமார் 5 கிலோ, அதன் மேல் ஒன்றரைக் கிலோ ஹெல்மெட். பின்கழுத்துத் தசை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. தொடர்ந்து சுருங்கியிருக்கும் தசைக்குள் ரத்த ஓட்டம் நெருக்கப்படும், களைப்பு ஏறும். இது ஒரு பாதிதான். மறுபாதி தூக்கம். ஐந்து மணி நேரம் தூங்கும் உடம்பு அதே கனத்தை அதிக வலியாக உணரும். தூக்கம் குறைந்தால் வலி தாங்கும் சக்தி குறைவதை ஆய்வுக்கூடத்திலேயே காட்டியிருக்கிறார்கள். அவனுக்கு என்ன பயிற்சி கொடுத்தாலும் தூக்கத்தைப் பற்றிக் கேட்காமல் கொடுத்தால் அரை வைத்தியம்தான்.

தொழிற்சாலையில் நின்று வேலை செய்யும் அக்காமார்களுக்கு வேறு வகைத் தொல்லை. நம் நாட்டு வேலையிடப் பாதுகாப்புத் துறை நின்று செய்யும் வேலைக்கு 2002லேயே வழிகாட்டி வெளியிட்டது. அடுத்த ஆண்டு உட்கார்ந்து செய்யும் வேலைக்கு. 2017இல் வேலை உடம்புக்குத் தரும் ஆபத்தை மதிப்பிடும் முறைக்கு ஒன்று, 2018இல் கையால் பாரம் தூக்குவதற்கு ஒன்று. காகிதம் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் தொழிற்சாலையில் மேலாளரைக் கேளுங்கள், அந்தக் காகிதத்தை அவர் பார்த்திருக்கிறாரா என்று.

சரி, நேராக நிற்பதே ஆரோக்கியம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி பட்டாளத்திலிருந்து. ஸ்வீடனில் பேர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813இல் ஸ்டாக்ஹோமில் அரசு உடற்பயிற்சிக் கழகத்தைத் தொடங்கினார். ராணுவத்துக்கும் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் ஒரே கூரையின் கீழ் பயிற்சி. இன்றைய இயன்முறை மருத்துவத்தின் ஒரு வேர் அங்கே இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் புளோரன்ஸ் கெண்டல், தூக்குக்குண்டு நூலைப் பக்கத்தில் தொங்கவிட்டு, காது மடல், தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாம் எந்தக் கோட்டில் வர வேண்டும் என்று வரையறுத்தார். மேசன் சுவர் பார்ப்பதும் அதே குண்டு நூலில்தான்.

இவர்களைத் தாண்டி எனக்குப் பிடித்தவர் பிராகு நகரத்து விளாதிமிர் யாண்டா. 1928இல் பிறந்தவர், பதின்ம வயதில் போலியோ தாக்கியது. தசைகள் ஒன்றோடொன்று எப்படி ஒத்துழைக்கின்றன என்ற கேள்வியே அவர் வாழ்க்கை ஆயிற்று. சில தசைகள் இறுகும் சுபாவம் உள்ளவை, சில தளரும் சுபாவம் உள்ளவை என்று அவர் கவனித்தார். மார்புத் தசையும் மேல்கழுத்தும் இறுக, கழுத்தின் உள்முன் தசையும் தோள்பட்டைக்கு அடியில் இருக்கும் தசையும் தளர, பக்கவாட்டில் பார்த்தால் பெருக்கல் குறி போட்டது போல ஒரு வடிவம் விழும். இடுப்பிலும் இதே போல ஒன்று. இறுகியதை நீட்டு, தளர்ந்ததைப் பலப்படுத்து என்பது அதிலிருந்து வந்த வழி. திருத்தப் பயிற்சி என்று இன்று விற்கப்படும் முக்கால்வாசிச் சரக்கு யாண்டாவின் இந்தக் குறியிலிருந்து பிறந்தது.

யாண்டா கூர்மையாகப் பார்த்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவருக்குப் பிறகு வந்தவர்கள் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லத் தொடங்கினார்கள். தோள் முன்னால் வந்திருக்கிறது, ஆகவே வலிக்கும். இடுப்பு சாய்ந்திருக்கிறது, ஆகவே டிஸ்க் போகும். ஆட்களை எண்ணிப் பார்த்தபோது கணக்கு உதைத்தது. வலியே இல்லாத கூனர்களும், வலியில் துடிக்கும் நேர்முதுகுக்காரர்களும் தாராளமாக இருந்தார்கள்.

உள்ளே எடுக்கும் படமும் இதே கதைதான். 1994இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதத்தினருக்கு ஒரு டிஸ்க்காவது புடைத்திருந்தது. எல்லா டிஸ்க்கும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். "ஜவ்வு விலகியிருக்கு" என்று காகிதத்தில் எழுதியதைப் பார்த்து வாழ்க்கை முடிந்தது என்று வேலையை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஜவ்வு பல வருடமாகவே அப்படித்தான் இருந்திருக்கலாம். படம் பொய் சொல்வதில்லை. நாம்தான் அதை வலியின் கையெழுத்து என்று படித்துவிடுகிறோம்.

பிள்ளைகளின் புத்தகப் பை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேள்வி நேரத்தில் முதல் கேள்வியாக அதுதான் வரும். பை கனமாக இருப்பது தப்பு, குறைக்க வேண்டும். ஆனால் பைதான் பிள்ளையின் முதுகுவலிக்குக் காரணம் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பையைத் தூக்க முடியாத அளவுக்குப் பிள்ளை பலமில்லாமல் இருக்கிறதா, பள்ளி விட்டதும் ஓடுகிறதா, மரம் ஏறுகிறதா, கைப்பேசியோடு படுத்துவிடுகிறதா என்றும் பாருங்கள்.

இப்போது பயிற்சிக்கு வருகிறேன். வாகைத் திருத்துவது இதன் வேலை இல்லையென்றால் பிறகு எதைத் திருத்துகிறது?

ஸ்வீடனில் ஹோக்கன் ஆல்ஃபிரட்சன் என்று ஓர் எலும்பியல் மருத்துவர். ஓட்டப் பிரியர். குதிகால் நாணில் தீராத வலி. அறுவை செய்யுங்கள் என்று மேலதிகாரியைக் கேட்டார், அவர் மறுத்துவிட்டார். நாணை முழுக்க அறுத்துவிட்டால் அறுவை செய்துதானே ஆக வேண்டும் என்று, வலிக்க வலிக்கக் குதிகாலைப் படிக்கட்டு விளிம்பில் இறக்கி இறக்கி ஏற்றினாராம். நாண் அறவில்லை, வலிதான் போயிற்று. இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை இது. பிறகு அவர் 1998இல் 15 ஓட்டக்காரர்களுக்கு அதையே முறையாகக் கொடுத்து வெளியிட்டார். ஒரு நாளைக்கு 180 முறை, வாரம் ஏழு நாள், 12 வாரம். லேசாக வலித்தாலும் நிறுத்தாதே, சுலபமாகிவிட்டால் முதுகில் கனம் ஏற்று. 15 பேரும் ஓடத் திரும்பினார்கள்.

அவர்களுடைய பாதம் எப்படி நின்றது, முதுகு நேராக இருந்ததா என்று யாரும் திருத்தவில்லை. நாணுக்குச் சுமை கொடுத்தார்கள். நாண் பழகியது.

இதற்கு வயது தடையா என்று முன்வரிசையில் இருக்கும் ஐயாக்கள் கேட்பார்கள். 1990இல் போஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் மரியா ஃபியாடரோனே என்ற மருத்துவர் 86 வயதிலிருந்து 96 வயது வரையுள்ள பத்துப் பேருக்குத் தொடைக்குக் கனம் தூக்கும் பயிற்சி கொடுத்தார். லேசான கனம் இல்லை, அவர்களால் தூக்க முடிந்ததில் பெரும்பகுதி. எட்டு வாரம் முடித்தவர்கள் ஒன்பது பேர். காலின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. நம் வீட்டில் 65 வயதுப் பாட்டி அரிசி மூட்டையைத் தொட்டால் "ஐயோ விடுங்க" என்று ஓடுகிறோம். அன்பினால்தான் ஓடுகிறோம், ஆனால் அந்த அன்பு பாட்டியின் தொடையைக் கரைத்துக்கொண்டிருக்கிறது.

செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் எந்த அசைவு வலிக்கிறது, எந்த அளவில் வலிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த அசைவை ஒதுக்கிவிடாமல் அதன் எளிய வடிவத்தில் தொடங்க வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு ஆழமாகக் குந்துவது முடியாது, உயரமான நாற்காலியிலிருந்து எழுவது முடியும். அங்கே தொடங்கலாம். வாரத்துக்குக் கொஞ்சம் நாற்காலியைத் தாழ்த்தலாம். செய்யும்போது லேசான வலி வரலாம், மறுநாள் காலைக்குள் அது பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லையென்றால் அளவு கூடிவிட்டது, அடுத்த முறை குறையுங்கள். ஆல்ஃபிரட்சனின் ஓட்டக்காரர்கள் ஒரு முனை. நம்மில் பெரும்பாலோருக்கு வாரம் இரண்டு மூன்று நாள், விடாமல் மூன்று மாதம் என்பதே நல்ல தொடக்கம். எட்டு நாளில் பலன் தெரியவில்லை என்று விட்டுவிடுபவர்களே அதிகம்.

கழுத்து வலிக்கும் பாலத்துத் தம்பிக்கும் இதே வழிதான். தோள்பட்டையைப் பின்னுக்கு இழுக்கும் தசைக்கு ரப்பர் பட்டையில் பயிற்சி, கழுத்தின் முன்தசைக்குப் படுத்தபடி நாடியை லேசாக உள்ளே இழுத்துத் தலையைத் தூக்கும் பயிற்சி. யாண்டா சொன்னதுதான் என்று நீங்கள் நினைக்கலாம். ஆமாம், பயிற்சி அதுவே. ஆனால் மூன்று மாதம் கழித்துப் பக்கவாட்டில் படம் எடுத்தால் அவன் தோள் பெரும்பாலும் பழைய இடத்திலேயே இருக்கும். வலி குறைந்திருக்கும், பாலத்தில் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். எனக்கு அது போதும், அவனுக்கும் அது போதும்.

தோளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது நம் சமூகத்தின் சொந்தத் தொல்லை. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. மூன்று பெரிய இனங்களில் முதலிடம் இந்தியர்களுக்கு. இனிப்பு நோய்க்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நீரிழிவுள்ளவர்களுக்குத் தோள் மூட்டின் உறை தடித்துச் சுருங்கி இறுகிவிடும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. முந்தானையைப் பின்னால் கொண்டுபோய்ச் சொருக முடியாது, தலை வார முடியாது, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாது. ஒரு வருடம் முதல் மூன்று வருடம் வரை இழுக்கும்.

இந்த இடத்தில் அளவு முக்கியம். வலி உச்சத்தில் இருக்கும் மாதங்களில் பலவந்தமாகத் திருகி விடுவது கெடுதல். குனிந்து கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவது, சுவரில் விரலால் ஏறுவது, அவ்வளவு போதும். இறுக்கம் மட்டும் மிஞ்சிய பிறகு நீட்டவும் பலப்படுத்தவும் வேண்டும். நம்மிடம் கர்லாக்கட்டை என்று ஒன்று உண்டு, சிலம்பக் குருமார்கள் இன்றும் சுழற்றுகிறார்கள். இந்தியாவில் பார்த்த பிரிட்டிஷ் பட்டாளத்தார் அதைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். 1834இல் லண்டனில் டொனால்ட் வாக்கர் எழுதிய உடற்பயிற்சி நூலில் அது இடம்பெற்றது, பிறகு ஐரோப்பியப் பள்ளிகளில் சீமாட்டிகள்வரை சுழற்றினார்கள். தோளின் முழு வட்டத்தையும் கனத்தோடு பழக்கும் நல்ல சாதனம் அது. ஆனால் இறுகிய தோளுக்கு முதல் மருந்தாக அதைக் கொடுத்துவிடாதீர்கள், ஆறிய தோளுக்குக் கடைசிப் படியாகக் கொடுங்கள். பாரம்பரியம் என்பதற்காக அளவு மாறாது.

சீன வைத்தியர் சின்சேயிடம் போகலாமா, மலாய்க்கார மாமியிடம் உருவிக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். போங்கள். நீவி விட்டால் இரண்டு நாள் இதமாக இருக்கும், அந்த இரண்டு நாளில் பயிற்சியைத் தொடங்குங்கள். இதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால் அடுத்த மாதமும் போக வேண்டியதுதான். உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டி பயிற்சியையும் விளக்கம் சொல்வதையும் ஆதரிக்கிறது. இடுப்புப் பட்டையையும் இழுவை வைத்தியத்தையும் வேண்டாம் என்கிறது. படுக்கையைப் பற்றி இன்னும் பழைய சான்று உண்டு. 1986இல் டெக்ஸஸில் டேயோ என்பவர் முதுகுவலிக்காரர்கள் 203 பேரில் பாதிப் பேரை இரண்டு நாளும் பாதிப் பேரை ஏழு நாளும் படுக்கச் சொன்னார். இரண்டு நாள் படுத்தவர்கள் வேலைக்குப் போகாத நாட்கள் மற்றவர்களை விட 45 சதவீதம் குறைவு. குணத்தில் எந்தக் குறைவும் இல்லை.

எல்லா வலியும் பயிற்சிக்கு உரியதல்ல. சிறுநீர் மலம் கட்டுப்பாடு போனால், இரண்டு தொடைக்கு நடுவில் மரத்தால், கால் வேகமாகப் பலமிழந்தால் அன்றைக்கே மருத்துவமனை, மறுநாள் காலை என்று தள்ளக்கூடாது. காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் மெலிவது, விழுந்த பிறகு வந்த கடும் வலி, புற்றுநோய் வந்து போனவருக்குப் புதிதாக வந்த வலி, இவையும் முதலில் மருத்துவரிடம். பயிற்சி சொல்லித் தருபவர் யார் என்றும் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டப்படி இயன்முறை மருத்துவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது அவமதிப்பு ஆகாது.

கடைசியாக ஒரு விஷயம், இது கொஞ்சம் உறுத்தும். திருத்தப் பயிற்சி என்றாலே தொழிலாளியின் உடம்பைத் திருத்துவது என்று ஆகிவிட்டது. வேலை கேட்கும் அளவை யார் திருத்துவது? செம்பனை வாரியம் உருவாக்கிய சந்தாஸ் என்ற மோட்டார் வெட்டி உயரம் குறைந்த மரங்களில் கையின் உழைப்பைக் குறைத்தது, ஆனால் குலையைத் தூக்கி ஏற்றுவதும் உதிரிப் பழம் பொறுக்கக் குனிவதும் அப்படியே இருக்கின்றன. எப்படித் தூக்குவது என்று வகுப்பு எடுத்து மட்டும் முதுகுவலியைத் தடுக்க முடிந்ததற்கு நல்ல சான்று இல்லை என்று ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. கம்பெனிகளுக்கு மிகவும் பிடித்தது அந்த வகுப்புதான், ஏனென்றால் அதுதான் மலிவு. பெட்டியை இடுப்பு உயர மேசையில் வைப்பது, ஒரே வேலையில் நாள் முழுக்க நிறுத்தாமல் ஆளை மாற்றுவது, ஓய்வு நிமிடங்களைக் கூட்டுவது, இவற்றுக்குக் காசு ஆகும். கேட்டு வாங்க வேண்டும். வேலையில் காயம் என்றால் பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனம் இருக்கிறது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது, மலாக்காவில் 2014 முதல் பெரிய மறுவாழ்வு மையமே நடத்துகிறது. வலி வந்த முதல் நாளே கிளினிக்கில் வேலையைக் குறிப்பிட்டுப் பதிய வையுங்கள். தைலம் தேய்த்துப் பார்த்து ஆறு மாதம் கழித்துப் போனால், எந்த வேலையில் வந்தது என்று நிரூபிக்கத் திணறுவீர்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் வேலை செய்பவர்களுக்கு அந்நாட்டுச் சட்டம், ஆனால் முதல் நாளே பதிய வேண்டும் என்பது அங்கேயும் பொருந்தும்.

கேள்விகளுக்கு முன்னால் ஒரு சின்னப் பரிசோதனை. அறுபது தாண்டியவர்கள் மட்டும் கலந்துகொள்ளுங்கள். மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலியை நம்ப வேண்டாம், சுவரோரம் போட்டிருக்கும் மர நாற்காலிகளுக்கு வாருங்கள். நெஞ்சு வலி உள்ளவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள், சமீபத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் உட்கார்ந்தே பாருங்கள். இரண்டு கையையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். நான் சொன்னதும் முழுதாக எழுந்து நின்று, முழுதாக உட்கார வேண்டும். 30 வினாடி. பக்கத்தில் ஒருவர் நின்று எண்ணட்டும், தடுமாறினால் பிடிக்கட்டும். 60 முதல் 64 வயது ஆணுக்கு 14க்குக் கீழே, பெண்ணுக்கு 12க்குக் கீழே வந்தால் கால் பலம் குறைவு என்று பொருள். 70 முதல் 74 வரை ஆணுக்கு 12, பெண்ணுக்கு 10. கூன் போட்டு எழுந்தாலும் நான் கழிக்க மாட்டேன். எண்ணுபவர்கள் தயாரா? தம்பி, கடிகாரத்தைப் பாருங்கள். தொடங்கலாம்.